பன்னிரண்டாவது வாளி

இன்று காலை அடுப்படிக்குள் வந்தபோது மாவுக்குச் சூடு கிடைக்கட்டும் என்று இரவு போட்ட விளக்கு அவண் அடுப்புக்குள் எரிந்துகொண்டிருந்தது. தோசை மா பொங்கிச் சட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அந்தப் புளித்த மணம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்து நான் ஏதோ முணுமுணுத்திருக்க வேண்டும். "என்ன, விடிய வெள்ளன மாவோட கதைக்கிறியள்?" என்று மனைவி கேட்டாள். உன்னோடுதான் கதைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

மல்வேர்னில் இந்த வீட்டு அடுப்பில்தான் நாம் இருவரும் பியர் காய்ச்சினோம். உனக்கு வேலையில்லாத சனிக்கிழமைகளில், விருந்துக்குச் சோறு வடிக்கும் பெரிய சட்டியில் மால்ட் பாகைக் கரைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் போட்டு, ஒரு மணித்தியாலம் கொதிக்க விடுவோம். பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் பிசுபிசுக்கும். ஆறியதும் வாளியில் ஊற்றி, ஈஸ்ட் தூவி மூடி, புளித்த பிறகு போத்தலில் அடைப்போம். எவ்வளவு போட்டோம், எத்தனை நிமிடம் கொதித்தது என்று நீ ஒரு கொப்பியில் எழுதுவாய். ஒரு மாதத்தில் போத்தலைத் திறந்தால் நகப்பூச்சு மணம் அடிக்கும். பதினொரு வாளியும் அப்படித்தான்.

"மச்சான், வாளி சூட்டிலை நிக்குது. உதைக் கீழை குளிரான பேஸ்மென்றுக்குக் கொண்டு போவம்" என்பாய்.

"புளிக்க வைக்கிறதைப் பற்றி எனக்குச் சொல்லித் தாறியோ? குளிருக்கை வைச்சால் மா பொங்குமோ?"

"உது மா இல்லையடா!"

நான் கேட்கவில்லை. மாவுக்கு அவண் விளக்கு என்றால், அவணுக்குள் அடங்காத வாளிக்கு ஹீற்றர் ஓரமும் என் பழைய ஸ்வெற்றரும். இந்த நாட்டுக் குளிரில் மா புளிக்க வைத்தவனுக்கு ஈஸ்ட் எந்த மூலைக்கு என்ற நினைப்பு எனக்கு.

விபூதிப் புதனுக்கு முந்திய சனிக்கிழமை பன்னிரண்டாவது வாளி. நான் சட்டி கழுவிக்கொண்டிருக்க, நீ ஒரு வார்த்தை கேளாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போய், பேஸ்மென்றின் வெளிச்சுவரோடு வைத்துவிட்டு வந்தாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நீ சிரித்தாய். "தவக்காலம் முடியுமட்டும் நான் சொட்டும் தொடன். நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு."

நான்கு கிழமை கழித்து முதல் போத்தலைத் திறந்தேன். நகப்பூச்சு மணம் இல்லை. தெளிந்த நிறம், அளவான கசப்பு. நின்ற நிலையிலேயே முழுவதையும் குடித்து முடித்தேன். அன்று மாலை நீ போன் எடுத்தாய்.

"எப்பிடியடா?"

"அதே நகப்பூச்சு மணந்தான். உன்ர பேஸ்மென்றும் நீயும்."

"சரி, அப்ப என்ர பிழைதான். அடுத்த முறை உன்ர பாட்டுக்கு வை" என்றாய்.

ஈஸ்டர் அன்று உன் கையில் கிளாஸைத் தந்துவிட்டு உண்மையைச் சொல்லலாம், பகிடிக்குத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பகிடி இல்லை. உன்னிடம் தோற்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல் நாள், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்தபோது உன் மனைவி கொப்பியை என்னிடம் தந்தாள். "இதை நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. அவர் கடைசியாய் எழுதினதும் உதிலைதான்." காருக்குள் இருந்து திறந்து பார்த்தேன். "பன்னிரண்டு: குளிர் கூடிப் போச்சு. என்ர பிழை."

அதற்குப் பிறகு எத்தனையோ வாளி காய்ச்சிவிட்டேன். எல்லாம் பேஸ்மென்றில், நீ வைத்த அதே இடத்தில். ஒன்றும் பிழைத்ததில்லை. குடிப்பவர்கள் கேட்டால் இது உன் முறை என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் கொப்பியில் எழுத உட்காரும்போது உன் அந்த வரியை வெட்டத்தான் பேனையைத் திறப்பேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கை நின்றுவிடும்.

இன்று அவண் விளக்கை அணைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன். வெட்டவில்லை. அதன் கீழே இருந்த சின்ன இடைவெளியில் எழுதினேன்: "பொய் மச்சான். நல்லாய் வந்தது."