பேசிக்கொண்டே பிடித்த வில்

இல்லை, கனமானதை எடுக்கவில்லை. நீ முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டு, நான் வாய் திறக்கும் முன்பே சிரித்துமிருப்பாய்.

போன வாரம் உன் அம்மா கூப்பிட்டார். கருவடிக்குப்பம் வீட்டில் உன் கட்டிலுக்கு அடியில் இரண்டு குழாய்கள். பிளம்பர்கள் தண்ணீருக்குப் போடுகிற சாம்பல் நிறக் குழாய்கள், இரு முனையிலும் மூடி, ஒவ்வொன்றிலும் உன் வில் ஒன்று. பிரான்சிலிருந்து அவரே தூக்கி வந்தவை.

"ஏர்போர்ட்ல கேட்டான், இன்னா பைப்புன்னு. தண்ணி பைப்புன்னு சொல்லிட்டேன். அங்கருந்து யாராச்சும் தண்ணி பைப்பு தூக்கினு வருவாங்களான்னு பாத்தான். பாவம், விட்டுட்டான்."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சொன்னார்: "ஒன்ன நீ வச்சிக்கோ. இன்னொன்ன அந்தத் தச்சர்கிட்ட குடுத்துடு. யாராச்சும் பழகட்டும். அவ இருந்தா பெருசத்தான் எடுக்கச் சொல்லுவா."

மூடியைத் திருகினேன். தேன்மெழுகு, ஆளிவிதை எண்ணெய். உன் காட்டின் வாசனையும் கொஞ்சம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மெழுகும் எண்ணெயும் மட்டும். அவ்வளவிலேயே அந்த வில்கள் பிறந்த தவளக்குப்பத்துப் பட்டறை முழுவதும் அந்த அறைக்குள் வந்துவிட்டது.

*

ரெட்டியார்பாளையத்து பிரியாணிக் கடையில்தான் சொன்னாய். பொங்கல் விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வந்திருந்தாய். வாயில் எலும்பு.

"நான் வேட்டைக்குப் போறேன்டி."

"எங்க?"

"அங்கதான். பரீட்ச எழுதி லைசென்ஸ் எடுத்துட்டேன். துப்பாக்கி இல்ல. வில்லு."

"மானையா அடிக்கப் போற?"

நீ என் தட்டைப் பார்த்தாய். "இது மட்டும் இன்னா, மரத்துல காய்ச்சுதா?"

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் பிரெஞ்சு படித்தோம். வாதத்தில் உன்னை நான் ஜெயித்ததே இல்லை. அன்றும் இல்லை. தின்பதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துத் தின்ன வேண்டும் என்றாய். யாரோ ஒருவர் கடைக்குப் பின்னால் வெட்டித் தருவது உனக்கு ஒளிந்துகொள்வது மாதிரி இருந்தது. நான் சாப்பிட்டு முடித்தேன். இன்னொரு பீஸும் கேட்டு வாங்கினேன்.

அங்கே கடைகளில் விற்கும் வில்லில் சக்கரம், கம்பி, குறிபார்க்கக் கண்ணாடி எல்லாம் உண்டாம். "அது மிஷினு. எனக்குக் கட்ட வேணும். நம்மூரு கட்ட."

இப்படித்தான் கடலூர் சாலையில் உன்னைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டர் ஓட்டினேன். தவளக்குப்பம் மார்க்கெட் தாண்டி உள்ளே திரும்பினால் அந்தப் பட்டறை. தச்சர் முன்பு கதவு, ஜன்னல் செய்தவர். வில்வித்தை வகுப்புகள் பெருகிய பிறகு வில் மட்டும்தான். எப்போது போனாலும் போனில் யாரிடமோ "அடுத்த வாரம், கண்டிப்பா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். வெளிப்புறம் மூங்கில் பட்டை, உள்புறம் பனையின் கறுத்த வைரக்கட்டை, இரண்டையும் ஒட்டிச் செதுக்குவார். செதுக்குவது அவர். இழுத்துப் பார்ப்பது அவர் மனைவி, நமக்கு அக்கா. அக்கா நின்று நாணை இழுக்க, அவர் தரையில் உட்கார்ந்து வளைவைப் பார்ப்பார். எந்தப் பக்கம் விறைப்பாக இருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. பிறகு அங்கே மட்டும் இழைப்புளி.

உனக்காக மூன்று வில்லைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒவ்வொன்றின் கைப்பிடிக்குக் கீழும் பென்சிலில் ஓர் எண். முழுதாக இழுத்துப் பிடிக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டும் என்பது. முப்பது, நாற்பது, ஐம்பது. நீ ஐம்பதைத் தொட்டாய்.

"பாப்பா, எடுத்த உடனே கடசி படிக்கட்டா?" என்றார் அக்கா.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வில்லை வாங்க வருபவர் நாணை முழுதாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்தபடியே அக்கா கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பேர், ஊர், காலையில் சாப்பிட்டது. குரல் எப்போதும் போல வந்தால் வில் உங்களுடையது. இறுகினால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். கை பொய் சொல்லும், தொண்டை சொல்லாது என்பது அக்காவின் கணக்கு. பணத்தை நீட்டினாலும் இந்தச் சோதனை இல்லாமல் அவர்கள் வில் தந்ததில்லை. ஊருக்குள் வைக்கோல் பொதியில் அடிப்பவருக்கே இந்த விதி. வேட்டைக்கு என்றதும் தச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இங்க கடக்காத்துல ஊறுன கட்டம்மா. அங்க குளிர்ல காஞ்சா இன்னும் வெறைக்கும். நாப்பதே அங்க நாப்பத்தி நாலா நிக்கும்."

"பரவால்லண்ணே. நானும் வெறைச்சுக்கறேன்."

இழுத்தாய். நாண் உன் தாடைக்கு வந்து நின்றது. அழகாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

"பேரு இன்னாம்மா?"

நீ பிரெஞ்சில் பதில் சொன்னாய். அக்கா விழித்தார்.

"ஊரு?"

மறுபடி பிரெஞ்சு.

"சாப்ட்டியா?"

"உய், மதாம்."

"தோசையா?"

"நோன், மதாம்."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அக்கா இடுப்பில் கை வைத்து என்னிடம் திரும்பினார். "இது மூக்காலயே பேசுது. இறுகுதா இல்லையான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

எனக்குத் தெரியும். முதல் 'மதாம்' முழுதாக வந்தது. இரண்டாவதில் கடைசி எழுத்து வரவில்லை. அங்கே அதைக் கேட்கக்கூடிய காது எனக்கு மட்டும்தான் இருந்தது. நீயும் என்னைத்தான் பார்த்தாய், நாண் தாடையில் இருக்க, ஓரக்கண்ணால்.

"நல்லாத்தான் பேசுறாக்கா," என்றேன்.

வில்லைத் தந்துவிட்டார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் குழாய் வாங்கினோம். எத்தனை அடி என்று கடைக்காரர் கேட்டதும் நீ நிமிர்ந்து நின்று உன் உச்சந்தலைக்கு மேல் நாலு விரல் வைத்துக் காட்டினாய். அவர் அப்படியே அளந்து அறுத்துத் தந்தார், ஒரு கேள்வி கேட்காமல். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்களில் அவர் ஒருவர்.

*

நவம்பரில் காட்டிலிருந்து அழைத்தாய். இங்கே மதியம். நான் அலுவலகத்தில் ஏதோ ஒப்பந்தத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

"நின்னுச்சுடி. இருபதடில. என்னப் பாக்கவே இல்ல. இழுத்துட்டேன். அது ஒரு அடி முன்னால வைக்கணும், அவ்ளோதான், அதுக்காக நிக்குறேன். நாலு மூச்சு. கை ஆட ஆரம்பிச்சுடுச்சு."

மூச்சு வாங்கினாய்.

"விட்டா வயித்துல படும். ஓடிப்போயி எங்கனா ரெண்டு நாள் கெடந்து சாவும். மெதுவா நாண இறக்கிட்டேன். அது சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்துச்சு. போயிடுச்சு. நான் அங்கயே உக்காந்து அழுதேன். அப்புறம் அந்தக்கா ஞாபகம் வந்துச்சு. மூக்காலயே பேசுது. சிரிப்பு தாங்கல. காட்டுல ஒருத்தி தனியா உக்காந்து சிரிச்சா எப்டி இருக்கும்."

நானும் சிரித்தேன். பிறகு நீ கேட்டாய்.

"ஒனக்குத் தெரியும்ல, அன்னிக்கே?"

"தெரியும்."

"சொல்லிருக்கலாம்ல?"

"கேட்டிருப்பியா?"

"மாட்டேன்." நீ எழுந்து சருகில் நடக்கும் சத்தம் கேட்டது. "ஆனா நீ சொல்லிருக்கணும்."

கோபமே இல்லாமல் சொன்னாய். ஒரு ஸ்பூனை எடுத்துத் தருவது போல. நான் அதை வாங்கிக்கொண்டேன்.

*

அடுத்த பொங்கலுக்கு வந்த அன்றே பட்டறைக்குப் போனோம். அக்கா உன்னைப் பார்த்ததும், "வந்துட்டாங்கய்யா மதாமு," என்றார். நீ நாற்பதை எடுத்தாய். இழுத்தாய். அவர் பேர் கேட்பதற்கு முன்பே தமிழில் ஆரம்பித்துவிட்டாய். அந்த மான், இருபதடி, நாலு மூச்சு, உட்கார்ந்து அழுதது, சிரித்தது, எல்லாவற்றையும். பிடித்தபடியே. உன் தோள் லேசாக நடுங்கியது. குரல் நடுங்கவில்லை. கதை சொல்லும்போது உனக்கு எப்போது குரல் இறுகியிருக்கிறது?

"போதும்மா, நாண் அறுந்துடும்," என்றார் தச்சர்.

"இருண்ணே, கிளைமாக்ஸ் வரல."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் உன் பக்கத்தில் நின்ற அந்த நாள்தான், நம் பழக்கத்தில் எனக்கு மிகப் பிடித்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லாமல் நின்ற நாள். அது போதும்.

அந்த அக்டோபரில் ஒரு புகைப்படம் அனுப்பினாய். அடுப்பில் சட்டி. கீழே உன் குரல்: "ஒரே அம்பு. அங்கயே விழுந்துடுச்சு. கிட்டப் போயி கொஞ்ச நேரம் கைய வச்சினு இருந்தேன். சூடா இருந்துச்சு. அப்புறம் அம்மாக்கு போன் போட்டேன், காட்டுக்கறிக்கு மொளகு எவ்ளோன்னு. அம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? மொதல்ல ஒழுங்கா கழுவுனியான்னு கேட்டாங்க."

அந்தக் குரல் இன்னும் என் போனில் இருக்கிறது. அடிக்கடி கேட்பதில்லை. சமைக்கும்போது மட்டும்.

பிறகு ரத்தத்தில் நோய் என்றார்கள். மாசியில் நீ இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

*

நீ போன பிறகு எட்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் வில்வித்தை வகுப்புக்குப் போகிறேன். உனக்குத் தெரியாது. எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள், நான் ஒருத்திதான் மூக்குக்கண்ணாடியோடு. வைக்கோல் பொதியில் காகித வட்டம். இங்கே வேட்டை குற்றம், தவிர எனக்கு மான் வேண்டாம். இழுத்துப் பிடித்து நிற்கும் அந்த மூன்று நான்கு மூச்சு மட்டும் எனக்கு வேண்டியிருந்தது.

நேற்று இரண்டு குழாயையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு தவளக்குப்பம் போனேன். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. தச்சர் இரண்டையும் உருவிப் பார்த்தார். தடவினார். ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு என்றேன்.

"எங்க வில்லாச்சே. ஒன்ன வச்சிக்கணுமா? செரி, இழு. பிடிக்க முடியலன்னா ரெண்டையும் வச்சுட்டுப் போகணும். தெரியும்ல?"

தெரியும். அங்கே யாருக்கும் விலக்கில்லை.

உன் அம்மாவுக்காக முதலில் ஐம்பதை எடுத்தேன். அக்கா, "பேரு?" என்றார். என் பேரில் பாதிதான் வெளியே வந்தது. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். "மழையில வில்லு இளகிக் கெடக்குது, அப்பவே இந்த லட்சணம்," என்றார் தச்சர். சுவரில் சாய்த்து வைத்தேன்.

பிறகு நாற்பது. நாணை மாட்டினேன். கைப்பிடித் தோலில் உன் கட்டை விரல் பட்டுப் பட்டு மழுங்கிய ஒரு பள்ளம். என் விரலுக்கு அது கொஞ்சம் சிறியது. இழுத்தேன். தாடைக்கு வந்தது.

"பேரு இன்னா?"

சொன்னேன்.

"காலைல இன்னா சாப்ட்ட?"

"இட்லிக்கா. நாலு."

"ஆமா, ஒங்கூட வருமே, மூக்கால பேசுற புள்ள. எப்ப வரும் அது?"

அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும். நான்தான் சொல்லியிருக்க வேண்டும், உள்ளே நுழைந்ததுமே.

ஒரு கணம் பிரெஞ்சில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு சின்னச் சொல். அவருக்குப் புரியாது. வில் என்னுடையதாகிவிடும்.

"வராதுக்கா," என்றேன். "மாசில எறந்துடுச்சு. ரத்தத்துல வியாதி."

தச்சரின் கையில் பென்சில் அப்படியே நின்றது. அக்கா என்னையே பார்த்தார். நாண் தாடையில் இருந்தது. தோள் எரிந்தது. இறக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"மான் அடிச்சுதா அது?"

"அடிச்சுதுக்கா. இந்த வில்லுலதான். ஒரே அம்பு."

"கறிய இன்னா பண்ணுச்சு?"

"மொளகு போட்டுக் கொழம்பு வச்சுது. நல்லா கழுவிட்டுத்தான்."

அவர் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. பிறகுதான் மற்றது.

"இறக்கும்மா," என்றார். "மெதுவா."

இறக்கினேன். அவர் என் கையிலிருந்து வில்லை வாங்கி, முந்தானையால் கைப்பிடியைத் துடைத்து, என்னிடமே திருப்பித் தந்தார். தச்சர் எழுந்து போய் மூன்று டீ சொன்னார்.

ஐம்பதை அங்கேயே விட்டுவிட்டேன். நாற்பதைக் குழாயில் போட்டு எடுத்து வந்தேன். வீட்டில் நாணைக் கழற்றி, மழை ஈரம் போகத் துடைத்து, மெழுகு தடவினேன். பிறகு உன் அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன்: சின்னதுதான்.