பின்வளவு அறையில் அக்கா

மார்ச் 9, 2011, புதன்
விடியவிருந்து மழை. உடுப்பு காயேல்லை. அக்கா மூண்டு நாளாச் சாப்பிடேல்லை. சோத்தில ஆரோ நஞ்சு கலக்கினமாம். நான் முதல் வாய் திண்டு காட்டின பிறகு ரெண்டு வாய்.

அத்தான், அக்காவின்ர மனுசன், மேல்மாடியில கண்ணாடிக்கு முன்னால பேச்சுப் பாடம். தமிழ்ச் சங்கத் தலைவர் எல்லோ. சனிக்கிழமை பரமட்டாவில கூட்டம். படகில வந்து இங்க தடுப்புமுகாமில அடைபட்டிருக்கிற எங்கட சனத்தை வெளியில விடச் சொல்லி. எம்.பி.யும் வாறாராம்.

மார்ச் 10, வியாழன்
வென்ட்வேர்த்வில் கடை. அரிசிமா, வெங்காயம், அக்காவுக்கு நல்லெண்ணெய். சங்கத்து அன்ரி ஒராள்: "அக்கா கனடாவால எப்ப வாறா பிள்ளை?"

"சித்திரைக்குப் பிறகு அன்ரி." பொய் வழுக்கிக்கொண்டு வருது.

கனடா எண்டது எங்கட பின்வளவு அறை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். இரவில அத்தான் போடுவார், பகலில நான். தம்பி வன்னியில செத்த செய்தி வந்ததிலயிருந்து அக்கா இப்பிடி, ரெண்டு வருஷம்.

பின்னேரம் திரும்பக் கேட்டன். "டொக்டரட்டைக் காட்டுவம் அத்தான்."

"சனம் என்ன கதைக்கும்? உன்ர விசாவுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது?"

வெங்காயம் உரிக்கப் போனன். எப்பவும் போல.

மார்ச் 12, சனி
வெக்கை. கூட்டம் முடிய இருவது பேர் வீட்ட சாப்பாட்டுக்கு. நல்ல பேச்சாம். ஒரு அங்கிள் கண்ணைத் துடைச்சவர். "மனுசரைப் பூட்டி வைக்க ஆருக்கு உரிமை எண்டு கேட்டீங்களே, அந்த இடம்!"

அப்ப பின்வளவில டமார், டமார்.

"உடுப்புத் தோய்க்கிற மெஷின். பழசு," எண்டார் அத்தான். எல்லாரும் சிரிச்சினம். நான் வடைத் தட்டோட நிண்டனான். நானும் சிரிச்சனான்.

சனம் போன பிறகு திறந்து பாத்தன். கதவெல்லாம் ரத்தம். கை வீங்கிக் கிடக்கு. அத்தான்: "ஐஸ் வை."

மார்ச் 13, ஞாயிறு
அத்தான் கோயில் பூசைக்குப் போனார். கார் தெருமுனை திரும்பின கையோட டாக்சி கூப்பிட்டன். அக்காவுக்குச் செருப்புத் தேடினால் ஒண்டும் இல்லை. என்ரயைப் போட்டுவிட்டன்.

ஆஸ்பத்திரி. ரெண்டு விரல் முறிவு. அக்கா இங்கிலிஷ் கதைக்க மாட்டன் எண்டிட்டா. மொழிபெயர்க்கிற மனுசன் ஒருத்தர் ஃபோனில. டொக்டர் பொம்பிளை அக்காவட்டைக் கேட்டவ, தங்கச்சியோட வீட்ட போக விருப்பமோ எண்டு.

அக்கா என்னைக் கனநேரம் பாத்தா.

"மாட்டன். இவதான் பகலில பூட்டுறவ."

ஃபோனில அந்த மனுசன் அதை இங்கிலிஷில சொன்னார். டொக்டர் என்னட்டைத் திரும்பினா, உண்மையோ எண்டு.

ஓம் எண்டன்.