ராங்கிக்காரி கத்தவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, தொழுவத்தில் நீ பெயர் வைத்த ராங்கிக்காரி, மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சௌக்கியமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்கள் சௌக்கியம் முழுசாகும். போனில் சொல்வதை விட்டுவிட்டு எதற்கு இந்த மனுஷன் மெனக்கெட்டு எழுதுகிறார் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டதும், சாப்பிட்டியா, அங்க மழையா என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வருவதில்லை, வருவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி தேவலை, வாய்க்குத்தான் ஓய்வில்லை. போன வாரம் மழையில் தீவன மூட்டை நனைகிறதே என்று இரண்டை உன் அறையில் கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான், பிள்ளை வந்தா எங்க படுப்பா என்று வீட்டை இரண்டாக்கிவிட்டாள், நீ என்னவோ மறுநாள் காலை வண்டியில் வந்து இறங்கப்போவது போல. மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். உன் கட்டிலுக்குப் போர்வை மாற்றி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ராங்கிக்காரி அடுத்த கன்னு போடட்டும்ப்பா, லீவு எழுதிக் குடுத்துட்டு வந்து பாக்குறேன் என்று நீ சொன்னாய். நீ சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பாய், ஆனால் நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கிடாரிக் கன்றாகப் பிறக்க, நீ வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பிரிப்பது போல ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்த விந்துக் குச்சி இங்கேயும் வந்திருக்கிறது என்று சினை ஊசி போடுகிறவர் சொன்னதும், நம் பிள்ளை செய்கிற வேலையாயிற்றே என்று பெருமையோடு அதையே போடச் சொன்னேன். சினை பிடிக்கவில்லை. உன்னைக் கேட்டேன், நீயும் பொறுமையாகத்தான் விளக்கினாய். அந்த உயிரணுக்களுக்குச் சாயம் ஏற்றி, ஊசிக்கண் போன்ற குழாயில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, லேசர் வெளிச்சத்தில் சோதித்து, மின்சாரத்தால் ஆண் இந்தப் பக்கம் பெண் அந்தப் பக்கம் என்று தள்ளி, கடைசியில் உறைய வைக்கிறீர்கள், இத்தனை அடிபட்டு வருவதில் பலவும் தோல் நைந்து சுருண்டுவிடும், பிழைத்ததும் சீக்கிரம் களைத்துப்போகும், குச்சிக்குள் எண்ணிக்கையும் குறைவு, அதனால் மாடு பருவத்துக்கு வந்து கத்தியதும் அவசரப்பட்டுப் போடக்கூடாது, வழக்கத்தைவிடத் தள்ளிப் போடணும் என்றாய். நான்தான் அது முதல் குரல் கொடுத்த உடனே அவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்திருந்தேன். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

இரண்டாம் முறை நீ சொன்னபடியே தள்ளிப் போட்டோம். அப்போதும் நிற்கவில்லை. ஏற்கெனவே மூன்று கன்று போட்ட மாட்டுக்கு இந்தக் குச்சி அவ்வளவு லேசில் பிடிக்காது, இளங்கிடாரிக்குத்தான் தோது என்று ஊசிக்காரர் பிறகு சாவகாசமாகச் சொல்கிறார், முதலிலேயே சொன்னால் வாய் வலிக்கும் போலிருக்கிறது. சினை நிற்காமல் ராங்கிக்காரி மறுபடி கத்திய அன்று தொழுவத்தில் உட்கார்ந்துவிட்டேன் கண்ணு. மாட்டுக்கு இருபத்தொரு நாள்தான் போயிற்று, எனக்கு நீ வருவது தள்ளிப்போயிற்று. இன்னும் எத்தனை முறை இப்படித் தள்ளிப்போகுமோ, அதற்குள் உனக்கு லீவு கிடைக்காமல் போகுமோ, நீ சொன்னதையே மறந்துவிடுவாயோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அதனால் மூன்றாம் முறை உனக்குச் சொல்லாமல் ஒன்று செய்தேன். சாதாக் குச்சியையே போடுங்க என்றேன். பொட்டக் கன்னுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே, காளை பொறந்தா என்ன பண்ணுவீங்க என்று அவர் கேட்டார். பொறந்தா பொறக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வாளியைக் கழுவுகிறவன் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்குப் புரியவில்லை, உன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் கேட்காமலே சூடாகக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். உன் வேலையைக் குறை சொல்வதாக நினைக்காதே. நீ பிரிக்கிற குச்சியில் எத்தனையோ தொழுவத்தில் கிடாரி துள்ளும். எனக்குத்தான் பொறுமை இல்லாமல் போய்விட்டது. கிடாரி என்றால் லாபம் என்று எனக்கும் தெரியும், ஆனால் கன்று என்று ஒன்று பிறந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

சாதாக் குச்சி என்றாலும் பிடித்தே தீரும் என்று சட்டம் இல்லை. நேற்றுதான் இருபத்தொரு நாள் கெடு, சினை நிற்காவிட்டால் மறுபடி கத்துவாள். விடிந்ததிலிருந்து காதைத் தொழுவத்தில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருவில் வேறு ஏதோ மாடு கத்தியதற்கு, சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன், இவள் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு யாருய்யா நீ என்பது போலப் பார்த்தாள். இன்றும் கத்தவில்லை. கையை விட்டுப் பார்த்து உறுதி சொல்ல இன்னும் இரண்டு மாதம் ஆகும், அதற்குள் ஊரெல்லாம் சொல்லித் தொலைக்காதீர்கள் என்று அம்மா என் வாயைக் கட்டிவைத்திருக்கிறாள். உனக்கு மட்டும் சொல்லிவிட்டேன், நீயும் காட்டிக்கொள்ளாதே.

இரவு வேலை பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காதே. கண்ணை இடுக்கிக்கொண்டே திரையைப் பார்க்காமல் ஒரு கண்ணாடி வாங்கிப் போடு. நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசாரச் சொல்கிறோம். இன்னொன்று, இந்த முறையும் ராங்கிக்காரி பொய்த்துவிட்டால் அதைச் சாக்காக வைத்து நின்றுவிடாதே, கன்று இல்லாவிட்டாலும் வா. போன மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நீ கூப்பிடவில்லை. மாடு சத்தம் காட்டாமல் இருந்தால் நல்ல சேதி அம்மாடி, நீ சத்தம் காட்டாமல் இருந்தால் அது எங்களுக்கு நல்ல சேதி இல்லை.

இப்படிக்கு,
இரண்டு பக்கமும் காது வைத்துக் காத்திருக்கும்
உன் அப்பா