எட்டுப் பிள்ளைகள் மிச்சம்

ஞாயிறு, மே 12

மதிப்பிற்குரிய ரஸ்ஸல் அவர்களுக்கு,

தங்கள் மனைவி லொரேன் எழுதுவது. நானும் நம் மகள் டெஸ்ஸாவும் நலம். சிகிச்சை இல்லத்தில் தொலைபேசிக்கு அனுமதியில்லை என்பதால் யாவற்றையும் மடலிலேயே தெரிவிக்கிறேன். இருபத்திரண்டு நாட்களாகத் தாங்கள் மதுவைத் தொடவில்லை எனச் செவிலியர் எழுதியிருந்தார். அவ்வரியைப் பலமுறை வாசித்தேன்.

இனி மறைக்க இயலாத செய்தி. தாங்கள் என்னிடம் ஒப்படைத்த பேஸ்பால் அணியில் பதினொரு பிள்ளைகள் இருந்தனர். இப்போது எட்டுப் பேர். சங்கத் தலைவர் ஹாலிஸ் என்னைத் தனியே அழைத்து, "ரஸ்ஸல் திரும்பி வர்றப்ப அவனுக்கு டீம் இருக்கணும்னு எனக்கும் ஆசைதான் லொரேன். ஆனா எட்டுக்குக் கீழ போச்சுன்னா கலைச்சிர வேண்டியதுதான்" என்றார்.

பிழை என்னுடையது. நூலகத்தில் மூன்று நூல்களைக் கற்று, விதிகளை அட்டையில் வரைந்து, ஐந்தாறு வயதுக் குழந்தைகளை ஒரே வரிசையில் நிறுத்தினேன். ஒருவர் அடிக்க, பத்துப் பேர் காத்திருந்தனர். கோல்பி மண்ணில் படுத்துக் கைகளை இறக்கைபோல் அசைத்துக்கொண்டிருந்தான். டல்லஸ், "மிஸ், இன்னைக்கு யாரு தின்ன கொண்டாந்திருக்காங்க?" என்று ஏழு முறை கேட்டான். பந்து உருண்டதும் அத்தனை பேரும், அடித்தவன் உட்பட, அதன்மேல் குவியலாக விழுந்தனர். ஒரு பல் விழுந்தது. நல்லவேளை, அது முன்பே ஆடிக்கொண்டிருந்த பல்.

கோல்பியின் தாய் பிரெண்டா, "வரிசையில நிக்கணும்னா லைசென்ஸ் ஆபீசுக்கே கூட்டிட்டுப் போயிருப்பேனே!" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, மகனைக் கால்பந்தில் சேர்த்துவிட்டார். மேலும் இருவர் அவரைப் பின்தொடர்ந்தனர்.

அட்டைகளைக் கிழித்துப் போட்டேன். நேற்றைய பயிற்சியில் பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தேன். ஒரு குழு வாளிக்குள் பந்தெறிந்தது. ஒன்று கம்பத்தின் மேல் வைத்த பந்தை அடித்தது. மூன்றாவது, புல்தரை முழுக்க முதலைகள் என்று நம்பி, தரையில் பதித்த ஒரு பேஸிலிருந்து மறு பேஸுக்கு ஓடியது. சமையலறை நேரமணியை ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கவைத்து இடம் மாற்றினேன். நாற்பது நிமிடம் எவரும் உட்காரவில்லை. அதன்பின் என்னிடம் விளையாட்டுகள் தீர்ந்துபோயின. எஞ்சிய இருபது நிமிடத்தில் இருவர் அழுதனர்.

டல்லஸின் தந்தை, "நீங்க பாவம், முயற்சி பண்றீங்க. ஆனா கோச் எப்ப வருவாரு? நெசமாவே வருவாரா? அடுத்த சனிக்கிழமையும் பாத்துட்டு முடிவு பண்றோம்" என்றார். நிச்சயம் வருவார் என்று உறுதியாகவே கூறினேன். டெஸ்ஸா கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும் வழியில், "அப்பா வந்தா எங்களோட வெளையாடுவாரா, இல்ல போன தடவ மாதிரி கார்லயே உக்காந்திருப்பாரா?" என்றாள். அதை அப்பாவிடமே கேட்டு எழுதுவதாகக் கூறினேன்.

அந்தக் கடைசி இருபது நிமிடத்தில் தாங்கள் என்ன செய்வீர்கள்? தாங்கள் பயிற்றுவித்தபோது அவர்கள் ஒருபோதும் அழுததில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரும்படி எழுதுங்கள். கை நடுங்கி எழுத்து கோணினாலும் பாதகமில்லை. எனக்கு வாசிக்கத் தெரியும். டெஸ்ஸாவுக்கான பதிலையும் தாங்களே எழுதுங்கள். உறுதியாகச் சொல்ல முடியாததை மட்டும் அவளுக்கு எழுத வேண்டாம்.

ஆண்டவர் தங்களுக்கு நாளைய ஒரு நாளைத் தருவாராக. அதற்கடுத்த நாளை நாளைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் இடத்தில் தற்காலிகமாக மட்டுமே நிற்கும்
லொரேன்