மருமகளுக்கு அடுக்கிய சீஸ்

வெள்ளிக்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு

லண்டனில இருந்து மகன் ரிஸ்வான் பெண்சாதியோட முதல்முறையா கற்பிட்டிக்கு வந்தான். மருமகளுக்கு விருப்பம் எண்டு புத்தளத்துக்குப் போய் மூண்டு விதமான சீஸ் வாங்கி, ஈத்தம்பழம், கஜு, பிஸ்கட்டோட ஒரு பலகையில அழகா அடுக்கி வெச்சேன். அவள் சந்தோஷப்பட்டு, பக்கத்துக் கதிரையை இழுத்து, "உம்மா, இருங்க" எண்டாள். அவளுக்குத் தெரிஞ்ச தமிழே அவ்வளவுதான்.

நான் கதிரையில இருக்கப் போனேன். அதுக்குள்ள மகன் அவளிட்ட இங்கிலீசில சொன்னான்: "உம்மாக்கு இதெல்லாம் பிடிக்காது. அவ குசினியில சாப்பிடுவா."

எனக்கு விளங்காது எண்டு நினைச்சிட்டான். நான் குசினிக்குத் தேத்தண்ணி ஊத்தப் போயிட்டேன்.

ரெண்டு பேரும் ஹோட்டலுக்குப் போன பிறகு, மிச்சம் கிடந்ததில ஒரு துண்டு திண்டு பார்த்தேன். நல்லா இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு. அதை ஆரிட்டப் போய்ச் சொல்ல?