நாற்பத்தியொரு நிமிடம்

பிப்ரவரி 26, 2009, வியாழன்

பள்ளிக்கூடச் சமையலறையில் இன்று மக்காச்சோள ரொட்டி அடிபிடித்துவிட்டது. என் தப்புதான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் புருஷன் ஹோபர்ட் போனதிலிருந்து என்னை யாரும் எதற்கும் திட்டுவதில்லை. அதுவே எரிச்சலாக இருக்கிறது.

வேலை முடிந்து ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் கவுண்டிக்குப் போலீஸ் என்றால் அவர்கள்தான். 911 அவசர அழைப்புகளை எடுப்பதும் அந்தக் கட்டடத்தில்தான். கவுன்ட்டரில் நீவா இருந்தாள். சர்ச்சில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அக்டோபர் 9 அன்று என் புருஷன் டிராக்டருக்கு அடியில் மாட்டிக்கொண்டு உங்களுக்குப் போன் செய்தார். அவர் பேசியது, அதற்குப் பிறகு நீங்கள் செய்தது, எல்லாம் எதில் பதிவாகியிருக்கிறதோ அது எனக்கு வேண்டும்.

அவருடைய கைப்பேசியில் இருக்கிறது: மதியம் 1:52. ஒன்பது நிமிடம் பேசியிருக்கிறார். ஆம்புலன்ஸ் தாளில் ஆட்கள் வந்து சேர்ந்த நேரம் 2:33. நாற்பத்தியொரு நிமிடம்! அந்த நேரத்தில் ஷெரிஃபின் ஆள், டெபுடி ட்ராவிஸின் வண்டி தீவனக் கடை வாசலில் நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து என் வீடு மூன்று மைல்.

நீவா ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "சம்பவ எண் போடணும், மிஸ் ஆர்டித்."

"அது எங்க இருக்கும்?"

"ரெக்கார்டுல இருக்கும்."

"அப்போ ரெக்கார்டைக் காட்டு."

"எண் இல்லாம எப்படி எடுக்கிறது?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. எண் இருக்கவேண்டிய கட்டத்தில் 'என் புருஷன் செத்த நாள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4

திருப்பி அனுப்பிவிட்டார்கள். எண் இல்லையாம்.

மார்ச் 13

எண் போடச் சொல்லிச் சட்டத்தில் எங்கேயும் இல்லை என்று ரோண்டா போனில் சொன்னாள். என் மகள், இரண்டு மணி நேரத் தொலைவில், நகரத்தில், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். அவள் சொல்லச் சொல்லப் புதுக் கடிதம் எழுதிப் போட்டிருந்தேன். இன்று பதில் வந்தது. விசாரணை முடியவில்லை, அதனால் தர இயலாது.

எதை விசாரிக்கிறார்கள்? டிராக்டரையா?

மார்ச் 21, சனி

மளிகைக் கடையில் ஷெரிஃப் கார்லிஸ். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவரே என்னிடம் வந்தார்.

"மிஸ் ஆர்டித், ஹோபர்ட் மாதிரி மனுஷன் கிடைக்கமாட்டான். போனவரை நிம்மதியா இருக்க விடுங்களேன்."

"அவருக்கு என்ன, நிம்மதியாத்தான் இருக்காரு. எனக்குத்தான் அந்தக் காகிதம் வேணும்."

"அதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?"

"உங்க டெபுடி தீவனக் கடையில நின்னு என்ன கதை பேசிட்டிருந்தான்னு தெரியும்."

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மடக்கிவிட்டேன் என்று வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தது. வந்து, இதைச் சொல்ல ஆள் இல்லாத வீட்டைப் பார்த்ததும் அதுவும் போயிற்று.

மார்ச் 30

தூக்கமில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பீன்ஸ் வேகவைத்துக் கோழிகளுக்குப் போட்டேன்.

ஒன்பது நிமிடம் என்ன பேசினார்? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. பள்ளிக்கூட நம்பர் அவருக்கு மனப்பாடம். என்னைக் கேட்டாரா? வலிக்கிறது என்றாரா? அந்த மனிதர் பல் பிடுங்கும்போதுகூட வலிக்கிறது என்று சொன்னதில்லை.

ஏப்ரல் 9

கடிதம் வந்தது. விசாரணை முடிந்துவிட்டதாம். ஆனால் குரல் பதிவுகளை நூற்றியெண்பது நாள்தான் வைத்திருப்பார்களாம். அதற்குப் பிறகு இயந்திரம் தானே அழித்துவிடுமாம். 'ஆகவே தாங்கள் கோரிய ஒலிப்பதிவு தற்போது இல்லை.'

நாட்காட்டியை எடுத்து எண்ணினேன். நூற்றியெண்பதாவது நாள் போன செவ்வாய். நான் முதலில் போய்க் கேட்டது நூற்றி நாற்பதாவது நாள். நாற்பது நாள் அவர் குரல் அந்தக் கட்டடத்தில் இருந்தது. நான் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

அழிச்சுட்டாங்க. என் ஹோபர்ட் பேசினதை அழிச்சுட்டாங்க. பாவிங்க. பாவிங்க.

ஏப்ரல் 10

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 18, சனி

ரோண்டா வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக மேசையில் காகிதங்களைப் பரப்பினாள். குரல் போனால் என்ன, யார் எத்தனை மணிக்கு என்ன செய்தார்கள் என்று தட்டச்சு செய்த பதிவு ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்கிறாள். தலைநகரில் மாநில அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதினோம். அவள் எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன்.

"அந்த டெபுடி இனிமே ஜென்மத்துக்கும் பேட்ஜ் மாட்டக்கூடாது. வக்கீல்கிட்ட பேசிட்டேம்மா. அந்தக் காகிதம் மட்டும் கையில வரட்டும்."

அப்பாவின் அதே தாடை. பல்லைக் கடித்தால் அப்படியே அவர். நான் அவளுக்கு சுடச்சுட பிஸ்கெட் ரொட்டியும் கிரேவியும் செய்து கொடுத்தேன். ஆறு மாதத்தில் முதல்முறையாக நானும் ஒரு தட்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 27

சர்ச் வாசலில் நேற்று ட்ராவிஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நான் சுற்றிப்போய்ப் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மே 11, திங்கள்

ஜெயித்துவிட்டோம். எழுத்துப் பதிவைக் கொடுத்தே ஆகவேண்டும், இனி யார் கேட்டாலும் மூன்று வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும் என்று ஷெரிஃப் அலுவலகத்துக்கு உத்தரவு. சம்பவ எண்ணையும் அதிலேயே போட்டிருக்கிறார்கள். ரோண்டா போனிலேயே கத்திக் கூத்தாடினாள்.

மே 14

வந்துவிட்டது. ஒரே ஒரு தாள். அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன். எழுதினாலாவது நம்ப முடிகிறதா பார்ப்போம்.

1:52 — ஆண். கைப்பேசி அழைப்பு. டிராக்டர் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே மாட்டியுள்ளது. பேசுகிறார்.
1:53 — முகவரி கேட்கப்பட்டது. 'ஃபெரல் வீடு, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்' என்கிறார்.
1:54 — சாலைப் பெயர் கேட்கப்பட்டது. சொல்லத் தயங்குகிறார். 'அந்தப் பெயரைச் சொன்னால் என் மனைவிக்கு ஆகாது' என்கிறார். சிரிக்கிறார்.
1:56 — ரட்லிஃப் சாலை என்கிறார். வீட்டு எண் தெரியவில்லை என்கிறார்.
1:57 — டெபுடி தீவனக் கடையிலிருந்து புறப்பட்டார்.
2:01 — அழைப்பு துண்டிப்பு. திரும்ப அழைத்தும் பதில் இல்லை.
2:03 — டெபுடி ரட்லிஃப் சாலையில். எண்களைப் பார்த்துச் செல்கிறார்.
2:10 — சாலை முடிவு வரை சென்றுவிட்டார். டிராக்டர் தென்படவில்லை. ஒரு வீட்டில் எண் பலகை இல்லை, ஆளும் இல்லை.
2:18 — வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார்.
2:27 — முதியவர் ரட்லிஃப் வழி காட்டுகிறார். எண் இல்லாத வீடு. பின்புற வயல்.
2:29 — டெபுடி அருகில். சுவாசம் இல்லை. முதலுதவி தொடக்கம்.
2:33 — ஆம்புலன்ஸ்.

எண் இல்லாத வீடு.

நாலு வருஷத்துக்கு முன்னால் கவுண்டியில் எல்லாச் சாலைக்கும் பெயர் வைத்தார்கள். ஆபத்து என்று கூப்பிட்டால் வண்டி தேடி வருவதற்காக. யார் முதலில் மனு போடுகிறார்களோ அவர்கள் பெயர். ரட்லிஃப் முந்திக்கொண்டான். எங்கள் ஊற்றுக்கு இந்தப் பக்கம் வேலியைத் தள்ளிப் போட்ட அதே ரட்லிஃப். நான் அவன் பெயர் வைத்த சாலையில் குடியிருப்பதா? வீட்டுக்கு வீடு பச்சைப் பலகையில் எண் எழுதி வாசல் கம்பத்தில் அடித்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே நான் கடப்பாரையால் பிடுங்கி எடுத்தேன். கோழிக்கூட்டில் நரி வந்த ஓட்டையில் வைத்து ஆணி அடித்தேன், எண் உள்பக்கம் இருக்கும்படி. எங்கள் சாலைக்குத் தபால் பெட்டிகள் எல்லாம் கீழே நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. வீட்டு வாசலில் பெயரும் கிடையாது.

ஹோபர்ட் சொன்னார். சொல்லாமல் இல்லை. "ஆர்டித், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"நாலு தலைமுறையா இங்க இருக்கோம். வழி தெரியாதவன் வரவே வேண்டாம்."

அப்படித்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

ட்ராவிஸ் வேறு கவுண்டியிலிருந்து வந்தவன். போன் எடுத்தவளும் புதுசாம். அவர்களுக்கு எங்கள் ஃபெரல் வீட்டை எப்படித் தெரியும்? ஆறே நிமிடத்தில் சாலைக்கு வந்துவிட்டான். என் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறான். தாண்டித் திரும்பி வந்திருக்கிறான். அவர் வீட்டுக்குப் பின்னால் கிடந்திருக்கிறார், என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

இடுப்பு நசுங்கிக் கிடக்கிற நேரத்திலும் அந்தப் பெயரைச் சொல்ல யோசித்திருக்கிறாரே! இரண்டு நிமிடம் எனக்காகக் கொடுத்திருக்கிறார். நான் எந்த முகத்தோடு அவர் கல்லறைக்குப் போவேன்?

மே 15

நீவாவிடம் போய் நின்றேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"கார்லிஸுக்கு?"

"அவர்தான் இழுத்தடிக்கச் சொன்னாரு. நீங்க படிச்சா தாங்கமாட்டீங்கன்னு. ஆனா டேப்பு அவர் கைவேலை இல்ல, மிஸ் ஆர்டித். சத்தியமா அது தானா அழிஞ்சது." அப்புறம் சொன்னாள்: "ட்ராவிஸ் ரெண்டு வாரம் வேலைக்கு வரலை அப்போ."

அவள் என் கையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டேன்.

மே 16

படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. கோழிகள் கத்தின. கத்தட்டும்.

மே 24, ஞாயிறு

ரோண்டா போன். "இன்னும் வரலையாம்மா?"

"வரலை."

"என்ன திமிரு பாரு அவங்களுக்கு! உத்தரவு வந்தும் தரலையா?"

"வரும். வந்தா சொல்றேன்."

"வக்கீல் கேட்டுட்டே இருக்காரு."

"சொல்றேன்னு சொன்னேன்ல."

இத்தனை மாதமாக அவர்கள் எனக்குச் செய்ததை நான் இவளுக்குச் செய்கிறேன். ஆனால் எப்படிச் சொல்வது? அவளுக்கு இருந்தது ஒரு அப்பா. இருக்கிறது ஒரு அம்மா. இதைப் படித்தால் அதுவும் இருக்காது.

மே 29

ட்ராவிஸ் பெட்ரோல் பங்கில் நின்றிருந்தான். பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். "என்ன மேடம்?" என்றான் பயந்துபோய். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

ஜூன் 3, புதன்

காலையில் சமையலறைக்கு நீவா போன் செய்தாள். காகிதம் இன்னும் வரவில்லை என்று நம்பிய ரோண்டா, தானே மனுப் போட்டுவிட்டாள். அது திங்கட்கிழமையே அவர்கள் கைக்கு வந்ததாம்.

"நீங்க அவகிட்ட சொல்லிட்டீங்களோ என்னவோன்னுதான் கேட்டேன்."

"நீவா, ரெண்டு வாரம் இழுத்தடியேன். எண் போடலைன்னு திருப்பி அனுப்பிடு."

"எண் போட்டிருக்கா."

"விசாரணை நடக்குதுன்னு சொல்லு."

"மிஸ் ஆர்டித், நாளைக்குள்ள அனுப்பியே ஆகணும். நீங்க வாங்கின உத்தரவுதான்."

ரோண்டாவைக் கூப்பிட்டேன். வேலையில் இருந்தாள்.

"நேரா இங்க கிளம்பி வா."

"என்னம்மா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அந்தக் காகிதம் எங்கிட்ட இருக்கு."

"எப்போ வந்தது?"

"போன மாசம் பதினாலாம் தேதி."

 போனை வைத்துவிடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அதுல அப்பா என்ன சொல்லியிருக்காரு?"

"சிரிச்சாருன்னு எழுதியிருக்கு. மீதியை நீயே வந்து படி."