டொரோன்டோ நேரமும் மரக்காணம் நேரமும்

மரக்காணம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் கலையரசனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும், உன் தங்கை யுவராணியும் அவள் குழந்தையும் நல்லபடியாக இருக்கிறோம். அந்தப் பனியில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். நீ போனை எடுக்காததால் தாளில் எழுதி போட்டோ பிடித்து அனுப்புகிறேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கடைசி வரி வரைக்கும் படி.

காது குத்துப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "நான் வரக்கூடாதுன்னே நேரம் குறிச்சிருக்கா, டிக்கெட்டை கேன்சல் பண்றேன்" என்று அனுப்பியிருந்தாய். தப்பு யுவராணி மேல் இல்லைப்பா, என் மேல். டொரோன்டோவுக்கும் சென்னைக்கும் பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நடுவில் இறங்கி ஏறுவதையும் சேர்த்து இருபத்து நாலு மணி நேரம் என்று நீதானே சொன்னாய். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு ஏறினால் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுவாய் என்று நினைத்து, ஞாயிறு காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் என்று நான்தான் அச்சடிக்கக் கொடுத்தேன். அங்கே கடிகாரம் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடுவது எனக்கு உறைக்கவே இல்லை. உப்பளத்தில் வெயிலைப் பார்த்தே நேரம் சொல்லிப் பழகியவன், எனக்கு அடிக்கிற வெயில்தான் உனக்கும் என்று இருந்துவிட்டேன். உப்பள ஆபீசில் கணக்கு எழுதும் கொளஞ்சி, "ஏம்பா, உன் புள்ள ஞாயித்துக்கெழம காலைல ஏழரைக்குத்தான் எறங்குவான், வூடு வந்து சேர பதினொண்ணு ஆவும்" என்று சொன்னபோதுதான் தலையில் கை வைத்தேன்.

உன் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்து நேரத்தோடு முடித்துவிடலாம் என்றாள் அம்மா. யுவராணி ஒத்துக்கொள்ளவே இல்லை. "எம் புள்ளைக்கு எங்கண்ணன் மடிதான்" என்று சொல்லிவிட்டாள். அவள் கௌதமனைத் தானாகத் தேடிக் கட்டிக்கொண்டதற்கு, எனக்குத் தங்கச்சியே இல்லை என்று சொல்லிவிட்டு நீ போனாய். மூன்று வருஷம், உன்னைக் குறைவாக அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் நடுவில் புகுந்து எதுவும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது கலை. நீ வருகிறேன் என்று சொன்ன அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சமையல்காரரிடம் காலை டிபன் வேண்டாம், மதியச் சாப்பாடு போடுங்கள் என்று மாற்றிச் சொல்லியாயிற்று. கௌதமன் கார் எடுத்துக்கொண்டு ஏர்போர்ட் வாசலில் நிற்பான். வழியில் அந்தப் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டு வா. பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொள், பசியோடு ஏறாதே. நீ நல்லபடியாக வந்து சேர அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

உன் அப்பா,
சுப்ராயன்

பி.கு: இருநூறு பத்திரிகையையும் யுவராணி முன்னால் போட்டுக்கொண்டு, நான் அச்சடித்த நேரத்தை ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் பேனாவால் திருத்தியிருக்கிறாள். ஒன்றைப் படம் பிடித்து இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து சின்னதாக இருக்கும், பெரிசு பண்ணிப் பார். "நேரம்: தாய்மாமன் வந்தவுடன்."